தெர்மாமீட்டர் கைமாறிய தூரம்

கோஷா ஆஸ்பத்திரி என்றால் சிந்தாதிரிப்பேட்டையில் தெரியாதவர்கள் கிடையாது. மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் சேப்பாக்கம், அங்கே இருக்கிறது. 1948இல் கஸ்தூரிபா காந்தி பெயரை வைத்தார்கள். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் 'கோஷா' என்று சொன்னால்தான் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்புகிறார். ஆனால் நாம் சொல்லுகிற இந்தப் பழைய பெயரும் முழுப்பெயர் அல்ல. 1885இல் திறந்தபோது அது 'காஸ்ட் அண்ட் கோஷா' ஆஸ்பத்திரி. விக்டோரியா மகாராணியின் பெயரை முன்னால் வைத்து, சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று எழுதித் திறந்த ஆஸ்பத்திரி. பெயரில் இருந்த 'காஸ்ட்' எப்படியோ ஜனங்கள் வாயிலிருந்து நழுவிவிட்டது. கோஷா மட்டும் தங்கிவிட்டது. முஸ்லிம் பெண்ணின் முக்காட்டை ஞாபகம் வைத்திருக்கிற ஊர், இந்துவின் சாதியை மட்டும் வசதியாக மறந்துபோனது.

சாதிப் பெண்கள் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. சாதி உள்ளவர்கள். நாம் அன்றைக்குச் சாதிக்கு வெளியே இருந்தவர்கள். பறைச்சி படுத்த கட்டிலில் படுக்க மாட்டேன், அவளைத் தொட்ட கை என்னைத் தொடக்கூடாது என்று சொல்லி, வீட்டிலேயே பிள்ளைபெற முடியாமல் செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்ற வந்த ஆஸ்பத்திரி அது. அந்தப் பெண்களின் சாவும் சாவுதான். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

இதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். வக்கீலான கணவரோடு சென்னைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண். இங்கிலாந்திலேயே மருத்துவக் கல்லூரிக் கதவு பெண்களுக்குச் சரியாகத் திறக்காத காலத்தில், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மூன்று பெண்களோடு சேர்ந்து படித்தவர். பிறகு லண்டன் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு 1883இல் திரும்பி வந்தார். நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்தது, வெங்கடகிரி ராஜா கொடுத்த ஒரு லட்சத்தில் 1890இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. 1921இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சென்னை மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையை மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். அவர்கள் எழுதாமல் தாண்டுகிற இடம் ஒன்று உண்டு. ஷார்லீப் பிரசவ மருத்துவத்தை எங்கே கற்றார்? சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில். 1844இல் தொடங்கி, பிறகு எழும்பூருக்குப் போனது. அங்கே முதல்முதலில் துணிந்து போய்ப் படுத்தவர்கள் யார்? ஏழை யூரேஷியப் பெண்களும் பறைச்சேரிப் பெண்களும்தான். சாதிப் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆக, வெள்ளைக்கார டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிள்ளைப்பேறு பழகியது நம் பாட்டிமார்களின் உடம்பில். அந்த உடம்பில் பழகிய கை, பிறகு சாதிக்காரியின் பிள்ளையை எடுப்பதற்கென்று தனியாக ஒரு கட்டடத்துக்குள் போனது. நம்மைத் தொட்டுக் கற்றுக்கொள்ளத் தீட்டு இல்லை, நம் பக்கத்துக் கட்டிலில் படுக்கத்தான் தீட்டு.

சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூவம் வளைந்து போகிற மடியில் 1734இல் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் பெயருக்கு மூலம் என்பார்கள். கவர்னர் மார்ட்டன் பிட் காலம். யார் யார் இங்கே குடியிருக்கலாம் என்று எழுதிவைத்துக்கொண்டே தொடங்கினார்கள். நூற்கிறவர், நெய்கிறவர், துணியில் சாயம் எழுதுகிறவர், வெளுக்கிறவர், கோயிலுக்கு வேண்டியவர் என்று அந்தப் பட்டியல் போகும். அதில் சேரி இல்லை. பிறகு எப்படி நாங்கள் வந்தோம்? ஊர் என்று ஒன்று இருந்தால் கழிவை அள்ளவும் பாரம் தூக்கவும் ஆள் வேண்டாமா? ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவில் மிச்சமிருந்த கரையில் வந்து குந்தினோம். வெள்ளம் வந்தால் முதலில் நனைகிற இடம், கொசு முதலில் கடிக்கிற இடம்.

1836இல் அமெரிக்க மிஷன்காரர்கள் சென்னைக்கு வந்தபோது அவர்களுக்கு முக்கியமான ஒரு இடம் சிந்தாதிரிப்பேட்டை. அகராதி செய்த வின்சுலோவோடு வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கட்டர். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் பாட்டனார் இவர்தான். 1819இல் இலங்கைக்கு என்று புறப்பட்டு வந்த வழியிலேயே, கல்கத்தாவில், தன் பெண்குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர். டாக்டராக இருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாத காலம் அது. நோய்க்கு அப்போது சாதி தெரியாது, நிறம் தெரியாது. மருந்து ஒன்று வந்தபிறகுதான் நோய்க்கும் சாதி தெரிய ஆரம்பித்தது. யாருக்கு மருந்து எட்டும், யாருக்கு எட்டாது என்கிற கணக்கு வந்தது.

எட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதைத் தேடிப் பிரயோஜனமில்லை. எங்கள் ஆயாவைக் கேட்டால் தெரியும். எத்தனை பிள்ளை ஆயா என்றால், "எட்டு பெத்தேன், அஞ்சு தங்கிச்சி" என்பாள். செத்தது என்று சொல்ல மாட்டாள். தங்கல. வந்த விருந்தாளி ஒரு ராத்திரி இருக்காமல் போனதுபோல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. நகரம் முழுவதற்குமான கணக்கே இது என்றால், கூவக்கரைக் கணக்கு என்னவாக இருந்திருக்கும்?

நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரைப் பாருங்கள். குப்பன், குப்பம்மா, குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மா. சேரிப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்த வகுப்பிலும் சிரித்தார்கள். இரண்டு பிள்ளை தங்காமல் போனால் மூன்றாவதைப் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திருப்பி வாங்குவார்கள். இது குப்பை, யாருக்கும் வேண்டாதது, எமனே நீயும் எடுக்காதே என்று சொல்லுகிற பெயர் அது. ஒரு குப்பம்மாவுக்கு முன்னால் குறைந்தது ஒரு சின்னக் குழி உண்டு. இதைவிட நேர்மையான மரணப் பதிவேட்டை எந்தச் சுகாதார இலாகாவும் எழுதவில்லை.

நோய்க்கும் எங்களிடம் பெயர்கள் இருந்தன. சீர் தட்டிடுச்சு, மாந்தம், உரம் விழுந்திருக்கு, செவ்வாப்பு, தோஷம், தொக்கம். கைக்குழந்தை கழிய ஆரம்பித்தால் சீர். பாலைக் குடித்துவிட்டுக் கக்கினால் தொக்கம். உரைமருந்து உரைத்து நாக்கில் தடவுவார்கள். சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதி வாங்க, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மசூதி வாசலில் வரிசையாக நிற்பார்கள் நம் பெண்கள். இன்றைக்கும் நிற்கிறார்கள். கோயில் உள்ளே விடாத காலத்தில் மசூதி வாசல் திறந்திருந்தது என்பதை இதில் சேர்த்துப் படிக்க வேண்டும். பகுத்தறிவு பேசுகிற தோழர்கள் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையின் தொண்டையை ரணமாக்குகிறவர்களை நானும் எதிர்க்கிறேன். ஆனால் டாக்டரிடம் போகத் தெரியாததால் மசூதிக்குப் போனார்கள் என்று சொன்னால் அது பொய். டாக்டர் எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி.

நம்மிடமே வைத்தியர்கள் இல்லாமலும் இல்லை. இராயப்பேட்டையிலிருந்து 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். பத்திரிகைக்காரர், பௌத்தர், ஆய்வாளர் என்றெல்லாம் அவரைப் பற்றி இன்று நிறைய எழுதியாகிவிட்டது. நாடி பிடித்துப் பார்த்த அவருடைய கையைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். தொடப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவர், அடுத்தவர் மணிக்கட்டைத் தொட்டு நோய் சொன்னார் என்பது சின்ன விஷயமா?

தொடுவது என்றதும் ஒரு தெர்மாமீட்டர் ஞாபகத்துக்கு வருகிறது. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூலில் சொல்லும் சம்பவம். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்த கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறார். எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தீண்டப்படாதவர். மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் உடம்பு கெடுகிறது. கழிச்சல், மூச்சுத் திணறல், விலாவில் வலி. டாக்டரைக் கூப்பிடப் போனால், உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவரின் காலைப் பிடித்து, இரண்டு ரூபாய் பீஸுக்கு அவரை ஜாமீன் சொல்ல வைத்த பிறகு ஒரு நிபந்தனையோடு வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார்கள், இரண்டு நாள் பச்சைக் குழந்தையையும் சேர்த்து. டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்து எடுத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொன்னார் டாக்டர். தொட்டுப் பார்க்கவில்லை, மார்பில் குழாய் வைக்கவில்லை. மருந்து அனுப்பினார், அடுத்தமுறை வர மறுத்தார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

இந்தக் கதையை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கணவன் ஓடிய ஓட்டம்தான் கண்ணில் நிற்கும். படித்தவர், ஆசிரியர், கையில் காசும் இருந்தது. இதற்கெல்லாம் மேல் ஒரு மூன்றாவது ஆளின் சிபாரிசு தேவைப்பட்டது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் இருந்த தூரம் நாலு முழம்கூட இருக்காது. அதைக் கடக்க மூன்று கைகள் வேண்டியிருந்தன.

அம்பேத்கர் இதை வெறும் வழக்கறிஞராக எடுத்தெழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் இரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு தங்கவில்லை. கடைசிப் பையன் ராஜரத்தினா 1926 ஜூலையில் நிமோனியாவில் போனான். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். பாரிஸ்டர் பட்டமும் கொலம்பியா, லண்டன் பட்டங்களும் பெற்ற தகப்பன் ஒருபுறம், பெயர் தெரியாத கத்தியவார் ஆசிரியர் ஒருபுறம். இரண்டு வீட்டிலும் அதே நிமோனியா. அன்றைக்குப் பென்சிலின் வரவில்லை. ராஜரத்தினாவை யாரும் காப்பாற்றியிருக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அவருடைய கட்டுரைகளில் எண்ணும் தர்க்கமுமாகப் போகிற அந்த நடை, இந்தச் சின்ன நூலில் ஏன் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் போராடி, பொதுவழி, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது 1924இல். வழி திறந்தது. வழியின் முடிவில் டாக்டர் இருக்க வேண்டுமே. 1948இல் எஸ்.டி. ஆச்சார் குழந்தை மருத்துவத்துக்கென்று தனித்துறையைத் தொடங்கினார். அது வளர்ந்து 1968இல் எழும்பூர் ஹால்ஸ் சாலையில் குழந்தைகளுக்கே என்று பெரிய ஆஸ்பத்திரி வந்தது. இன்று 800க்கு மேல் படுக்கை. கூவத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் எழும்பூர். பாலம் ஏறி இறங்கினால் குழந்தை ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் போனால் பெரியாஸ்பத்திரி, அந்தப் பக்கம் போனால் கோஷா. கூவக்கரை ஜனங்களுக்கு யாரும் பட்டா கொடுக்கவில்லை. ஆனால் பட்டாவைவிடப் பெரிய சொத்து இது. கால்நடையாகப் போய்ச் சேரும் தூரத்தில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள். எந்த அதிகாரியும் இதைச் சொத்தாகக் கணக்கு எழுதவில்லை. எங்கள் அம்மாக்கள் எழுதினார்கள்.

அம்மா சொல்வது இது: "ஒனக்கு ஜொரம் வந்துச்சுன்னா நைனா மீன் மார்க்கெட்டுல கூடை தூக்கினு இருக்கும். அதுக்கு சொல்லி அனுப்பமாட்டேன். கூலி பூடும். நானே தூக்கினு எக்மோருக்கு நடப்பேன். காலைல ஏழு மணிக்கே போனாத்தான் ஓ.பி. சீட்டு. டாக்டரம்மா, 'ஏம்மா இத்தினி நாள் இன்னா பண்ணிணு இருந்தே'ன்னு கத்தும். கத்தட்டும். ஆனா கொயந்தைய தொட்டுப் பாக்கும். வயித்த அமுக்கிப் பாக்கும். நாக்க நீட்டச் சொல்லிப் பாக்கும்."

தொட்டுப் பாக்கும். இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அந்தக் கத்தியவார் தெர்மாமீட்டரிலிருந்து நீளும் வரலாறு இருக்கிறது, அம்மாவுக்கு அது தெரியாவிட்டாலும். அரசு ஆஸ்பத்திரியை நான் புனிதப்படுத்தவில்லை. அங்கே நாள் முழுக்க நிற்கணும். ஒரு நாள் கூலி போகும். ஆயாவுக்கும் வார்டு பாய்க்கும் கை நனைக்காமல் காரியம் நடக்காத காலமும் உண்டு. வெளியே எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டு வீட்டுப் பானையை அடகுக்கு அனுப்பிய காலமும் உண்டு. 1995இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் அது குறைந்தது. ஆனாலும் அங்கே டாக்டர் பிள்ளையைத் தொட்டார். சாதியைக் கேட்காமல் தொட்டார்.

தனியார் கிளினிக்கில் கேட்பது வேறு கேள்வி. என் மகனுக்கு இரண்டு வயதில் இரவு நேரத்தில் இழுப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீட்டு எழுதின பெண் 'எந்த ஏரியா?' என்றாள். சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, பணத்தை முதலில் கட்டச் சொன்னாள். எனக்கு முன்னால் போனவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை. இந்த நகரத்தில் 'எந்த ஏரியா' என்பது 'நீ யாரு' என்பதற்கு நாகரிகமான பெயர். பிறகு அங்கே நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து எழும்பூருக்கே போனோம். பத்து நிமிஷம்.

தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 2020 கணக்குப்படி ஆயிரத்துக்கு 13 குழந்தைதான் ஒரு வயதுக்குள் சாகிறது. இந்திய அளவில் 28. ஆனால் 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வு சாதிவாரியாகவும் ஒரு கணக்கைக் கொடுத்தது. இந்தியா முழுக்க தலித் வீட்டில் ஆயிரத்துக்கு 45, 'மற்றவர்' வீட்டில் 32. நடுவில் இருக்கிற 13 குழந்தைகள் எந்த நோயால் செத்தன என்று கேட்டால் நிமோனியா, பேதி, குறைமாசம் என்று பட்டியல் தருவார்கள்.

இப்போது அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று கரையில் இருந்தவர்களை வரிசையாக அப்புறப்படுத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் தீவுத்திடலை ஒட்டி இருந்தது சத்தியவாணி முத்து நகர். தலித் பெண் அமைச்சராக இருந்தவரின் பெயர். 2019 டிசம்பரில் அந்த ஜனங்களை, பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மாடி வீடு, கக்கூஸ், மின்சாரம் எல்லாம் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தார்கள். பழைய இடத்தில் இருந்த மூன்று ஆஸ்பத்திரிகளை மூட்டையில் கட்டி எடுத்துப் போக முடியவில்லை. பெரும்பாக்கம் போகிற வழியில் கண்ணாடி பதித்த பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற நம் ஜனங்களுக்கு அது ஒரு அடையாளம், இறங்குமிடம் சொல்ல உதவும்.

போனவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. குடிபோன அந்த முதல் வருஷங்களில் நானும் தோழர்களும் வீடு வீடாகப் போய் எழுதினோம். பெரும்பாலான அம்மாக்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் இன்னும் எழும்பூருக்குத்தான் வருகிறார்கள். விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்தாலும் ஓ.பி. வரிசையில் கடைசி. சிலர் முந்தின ராத்திரியே வந்து கரையில் மிச்சமிருக்கிற உறவுக்காரர் வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். அங்கேயே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் போகவில்லை என்றால், பகலில் போகிறோம், ஊசி போடுகிறோம், இருமலுக்கு மருந்து வாங்குகிறோம் என்கிறார்கள். பயம் ராத்திரிக்குத்தான். 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அந்த பஸ் இல்லை. 108ஐக் கூப்பிட்டால் வரும், கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பி வர ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு எங்கே போவது என்கிற கணக்கு, போனை எடுப்பதற்கு முன்னாலேயே மனசில் ஓடிவிடுகிறது.

ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு மூச்சிரைப்பு. "அங்க இருந்தப்போ கொயந்த ஒரு மாதிரி மூச்சு வுட்டாலே தூக்கினு ஓடிடுவேன். செருப்புகூட போடமாட்டேன். இங்க வந்து இன்னா பண்றேன் தெரியுமாக்கா? விடியட்டும்னு அது மூஞ்சையே பாத்துனு குந்தினு இருக்கேன். நெஞ்சு ஏறி எறங்கறத எண்ணினே இருக்கேன்."

அந்த வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து கொடுத்த மனுவை எழுதிக் கொடுத்தது நான். தண்ணீர், லிஃப்ட், ரேஷன் கடை, வேலை என்று வழக்கமாக வருகிற வரிசையில்தான் முதலில் எழுதிக்கொண்டு போனேன். வாசித்துக் காட்டியபோது, இது எல்லாம் அப்பால இருக்கட்டும் என்று சொல்லி வரிசையை மாற்றச் சொன்னார்கள். முதலாவதாக, ராத்திரியில் இருக்கிற குழந்தை டாக்டர் ஒருவர். இரண்டாவதாக, அவர் வருகிறவரைக்கும், பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூர் குழந்தை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ராத்திரி ஓடுகிற ஒரு பஸ்.